முந்நூறு ரூபாயும் ஐந்து மணி நேரமும்: வேலூருக்கு ஒரு பயண வெப்சைட் செய்த கதை

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் நாலு மாடி லாட்ஜ் அது, பெயர் வேண்டாம். லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியை நாலு மாடி ஏற்ற முடியாது என்பதால் மேல்மாடி அறைகள் வருஷக்கணக்காகப் பூட்டியே கிடந்தன. ஓனர் ஒரு நாள் அங்கிருந்த தடுப்புச் சுவர்களை இடித்து ஒரே ஹாலாக்கி, வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள் அடித்துப் போட்டு, டார்மிட்டரி என்று போர்டும் எழுதிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். முதுகில் பை மாட்டிக்கொண்டு கம்மி செலவில் ஊர் சுற்றும் பசங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். எங்களிடம் என்றால் நானும் என் நண்பனும். டிசைன் நான், கோடு அவன், சத்துவாச்சாரியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் ஆபீஸ்.

வேலூருக்கு யார் சார் ஊர் சுற்ற வருகிறார்கள் என்று கேட்டேன். "திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல நாமதானே நைனா கீறோம்" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவனும் காட்பாடியைத் தாண்டித்தான் போகிறான், திருப்பதியிலிருந்து அண்ணாமலையார் கோயிலுக்குப் போகிறவனும் இங்கே வந்துதான் வண்டி மாறுகிறான். இறங்குகிறார்கள், டீ குடிக்கிறார்கள், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அந்த டீயை ஒரு ராத்திரித் தங்கலாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. லாட்ஜ் விளம்பரமாக மட்டும் செய்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள், வேலூர் வட்டாரத்துக்கே ஒரு வழிகாட்டி செய்வோம், அதில் உங்கள் டார்மிட்டரி ஒரு வரியாக இருக்கட்டும் என்றோம். கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

முதல் வெர்ஷனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, வெட்கமாக இருக்கிறது. திரை முழுக்க ஸ்ரீபுரம் தங்கக் கோயில், இரவு வெளிச்சத்தில். கீழே இறங்கினால் ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் தானாக ஓடும் ஒரு வீடியோ. அப்புறம் ஆன்மிகம், வரலாறு, இயற்கை, உணவு என்று நாலு வட்டமான ஐகான்கள். எந்த ஊர் சுற்றுலா வெப்சைட்டை எடுத்தாலும் இதே நாலு ஐகான் இருக்கும், எங்களுக்கும் அதைத் தாண்டி யோசிக்கத் தோன்றவில்லை. ஓனருக்கு ரொம்பப் பிடித்துப்போனது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினார். எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆபீஸ் வைஃபையில் பார்க்கும் வரைக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அதை போனில் எடுத்துக்கொண்டு காட்பாடி ஜங்ஷனுக்குப் போய் உட்கார்ந்தோம். பெரிய ஆராய்ச்சி என்றெல்லாம் நினைத்துப் போகவில்லை. முகப்புப் பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம், பை மாட்டிக்கொண்டு இறங்குகிற நாலு பேரிடம் காட்டலாம் என்பதுதான் திட்டம். முகப்புப் பக்கம் மட்டும் ஐந்து எம்.பி.யை நெருங்கியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு ரயில் வந்து நின்று அத்தனை பேரும் போனை எடுத்தால் நெட் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். தங்கக் கோயில் மேலிருந்து கீழாக ஓலைப்பாயை விரிப்பது மாதிரி மெதுவாக இறங்கியது. ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று கூகுள் ஒரு அளவு வைத்திருக்கிறது. எங்களுடையது அதற்குள் கோபுரத்தைக்கூடக் காட்டவில்லை.

வேகத்தை விடுங்கள், படம் முழுதாக வந்த பிறகும் யாரும் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பேசிய எட்டுப் பேரில் கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் கேட்டது, "இது வேலூர் இல்லையா?" என்பதைத்தான். எங்களுக்கு அது ஒரு கேள்வி என்றே அதுவரை தோன்றியதில்லை. வேலூருக்கு வரும் பெரிய ரயில்கள் நிற்பது காட்பாடியில், ஊர் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். வேலூர் கண்டோன்மென்ட் என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது, அது விழுப்புரம் போகும் பாதையில். வெளியூர்க்காரனுக்கு இது எதுவும் தெரியாது, வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் சொல்லும் தொகைதான் தூரம். நாங்கள் பிறந்ததிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கிறோம், அதனால் அந்தப் பாலம் எங்கள் டிசைனில் இல்லவே இல்லை.

அன்று மத்தியானம் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டே நண்பன் சொன்னான்: "நம்ம சைட் எங்க போகணும்னு சொல்லுது. இவங்களுக்கு இப்ப எங்க நிக்கறோம்னே தெரியல." முகப்புப் பக்கத்தை மாற்றும் முடிவு அங்கேயே எடுத்தது. எதை வைப்பது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

*

அது தெரிந்தது காந்தி ரோட்டில்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வங்காள மொழியில் போர்டு இல்லாத லாட்ஜைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீன் குழம்பும் சோறும் போடும் பெங்காலி மெஸ்கள், இந்தியில் பேசும் மருந்துக் கடைப் பையன்கள், பங்களாதேஷிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைக்கு இந்த ஊரின் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. இவர்களை நாங்கள் பயணிகளாக நினைத்ததேயில்லை. எங்கள் கற்பனையில் இருந்த பயணி தாடி வைத்து, கழுத்தில் ஒரு மணிமாலை போட்டு, கிடார் வைத்திருந்தான். அந்த ஆள் வேலூரில் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

டார்மிட்டரி திறந்து மூன்றாவது வாரம் ஓனர் கூப்பிட்டு, கட்டில்கள் நிரம்புகின்றன, ஆனால் நீங்கள் சொன்ன ஆட்கள் வரவில்லை என்றார். போய்ப் பார்த்தோம். தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து இருபத்தைந்து வயசு. அக்காவுக்கு ஆபரேஷன், அப்பாவுக்குச் சிகிச்சை என்று துணைக்கு வந்தவர்கள். நோயாளியோடு வார்டில் அம்மா இருப்பார், மற்றவர்களுக்கு அறை எடுத்துக் கட்டுப்படியாகாது, அதனால் பையன் டார்மிட்டரியில். காலையில் டோக்கன், டெஸ்ட், மருந்து என்று ஓட்டம். அப்புறம் சில நாட்களில் மத்தியானத்துக்கு மேல் செய்ய ஒன்றுமே இருக்காது. ரிப்போர்ட் நாளைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் முழு நாளும் சும்மா. ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒரு பையன் என்னிடம் இந்தியில் கேட்ட கேள்வியை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "அண்ணா, ஐந்து மணி நேரம் இருக்கிறது, முந்நூறு ரூபாய் செலவு பண்ணலாம். எங்கே போகலாம்?"

எங்கள் வெப்சைட்டில் அவனுக்குப் பதில் இல்லை. ஆன்மிகம் வேண்டுமா இயற்கை வேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே வி.ஐ.டி. மாணவர்கள் சிலரிடம் பேசினோம், வேறு மாநிலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள். அவர்கள் சொன்ன கணக்கும் வேறில்லை. ராத்திரி ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டும், மாசக் கடைசியில் கையில் இவ்வளவுதான் இருக்கும். திருவண்ணாமலைக்குப் பஸ் மாறுகிறவர்களும் அப்படியே, அடுத்த வண்டிக்கு இத்தனை மணி நேரம், பையில் இத்தனை ரூபாய். மூன்று கூட்டமும் வெவ்வேறு உலகம். ஆனால் மூன்று பேருமே இடத்தின் பெயரைச் சொல்லித் தேடுவதில்லை. நேரத்தையும் பணத்தையும் வைத்துத்தான் தேடுகிறார்கள். ஐகான்களைத் தூக்கிவிட்டோம்.

புது முகப்பில் ஒரே வாக்கியம்தான்: "நான் ___ இருக்கிறேன், ___ மணிக்குள் திரும்ப வேண்டும், ___ ரூபாய்க்குள் முடிய வேண்டும்." மூன்று கோடுகளிலும் விரலை வைத்தால் பட்டியல் விரியும். முதல் கோட்டில் காட்பாடி ஸ்டேஷன், புது பஸ் ஸ்டாண்ட், பழைய பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி வாசல், கல்லூரி கேட், இவ்வளவுதான். காட்பாடி என்று தொட்டால் முதலில் வருவது எந்தச் சுற்றுலா இடமும் இல்லை. "நீங்கள் இன்னும் வேலூருக்கு வரவில்லை, ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுன் பஸ் இங்கே நிற்கும்" என்று இரண்டு வரியும் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு கோட்டுப் படமும்.

*

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சில்லறை வேலைகள், ஆனால் அதில்தான் நாள் போனது.

ஒவ்வொரு பயணத்துக்கும் திரையில் ஒரு அட்டை. கோட்டை என்றால் கோட்டையின் வரலாறு அட்டையில் முதலில் வராது. எப்படிப் போவது, என்ன செலவு, எவ்வளவு நேரம், பை வைக்க இடம் உண்டா, கழிவறை எங்கே. அதற்குக் கீழேதான் கதை. இதில் நண்பனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. அவனுக்கு 1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தின் மேல் பைத்தியம். ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்தது, திருநீறும் காதுக் கடுக்கனும் கூடாது என்று போட்ட உத்தரவு, தோல் வைத்த புதுத் தொப்பி, திப்புவின் பிள்ளைகள் உள்ளே காவலில் இருந்தது, ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அடக்கியது, இதையெல்லாம் முதலில் சொல்லாமல் கழிவறையைச் சொல்வாயா என்று கேட்டான். நியாயமான கோபம். கடைசியில் கதையை நாலு நிறுத்தமாக உடைத்தோம். அகழிப் பாலத்தில் நிற்கும்போது படிக்க ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, மகால் பக்கம் ஒன்று, வெளியே நினைவுத் தூணுக்கு எதிரில் ஒன்று. நின்ற இடத்தில் ஐந்தாறு வரி. இப்படி எழுதியபோது கதையும் நன்றாக வந்தது, அவனே ஒத்துக்கொண்டான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று ஊரில் சொல்லும் பழைய கிண்டலைக் கோயில் நிறுத்தத்தில் போட்டு, 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கருவறைக்குத் திரும்பியதால் அந்தக் கிண்டலில் இரண்டாவது இப்போது செல்லாது என்று ஒரு வரி சேர்த்தோம். மூன்றாவதுக்கு 2021 நவம்பரில் பாலாறே வெள்ளமாக வந்து பதில் சொல்லிவிட்டது, அதற்கப்புறம் மறுபடி மணல்தான்.

"உள்ளே போகுமுன்" என்று ஒரு பகுதி எல்லா அட்டையிலும் வைத்தோம், இது ஸ்ரீபுரத்தில் பட்ட அனுபவம். 2007-ல் திறந்த கோயில், சுற்றிலும் நட்சத்திர வடிவில் நடைபாதை, உள்ளே போக ஒரு நல்ல நடை நடக்க வேண்டும். அரை டிரவுசர் போட்டால் விட மாட்டார்கள், போன் கொண்டுபோக முடியாது. டார்மிட்டரிப் பசங்க இரண்டு பேர் அரை டிரவுசரோடு பஸ் பிடித்துப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்தார்கள், பஸ் காசும் போச்சு, மத்தியானமும் போச்சு. படத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் அனுப்பினால் அது என்ன வழிகாட்டி? கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில்வே கிளோக் ரூமில் பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள், முதுகுப்பைக்காரனிடம் பூட்டு எங்கே இருக்கும், வரும் வழியிலேயே ஒரு சின்னப் பூட்டு வாங்கிக்கொள். இப்படி ஊர்க்காரனுக்குத் தெரிந்து வெளியூர்க்காரனுக்குத் தெரியாததை எழுதிக்கொண்டே போனோம்.

செலவுக் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரே ஊர் சுற்றலுக்கு ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு வேறு தொகை. கணக்குச் சரியாக வர வேண்டும் என்றால் நீங்கள் ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும், முகப்பிலேயே அதைக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, யாருக்குப் பிடிக்கும்? கேட்காமல் விட்டோம். பஸ் செலவை மட்டும் தனி வரியாகப் பிரித்து, பக்கத்தில் "பெண்களுக்கு இந்த வரி இல்லை" என்று எழுதிவிட்டோம். எல்லா பஸ்ஸிலும் இலவசம் இல்லை, ஏறுவதற்கு முன் கண்டக்டரிடம் கேளுங்கள் என்றும் ஒரு வரி. எனக்குத் தெரிந்து மொத்த வெப்சைட்டிலும் யோசித்துச் செய்த டிசைன் என்றால் இதுதான், பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

தங்கும் இடங்களின் பட்டியல் அடுத்த தலைவலி. வாடகை, ஏசி, நான்-ஏசி என்று வடிகட்டினால் போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் இளவட்டங்களுக்கு அறை கிடைக்காமல் போவதற்குக் காரணம் வாடகை மட்டும் இல்லை. "பேச்சிலர்ஸுக்கு ரூம் இல்லை" என்பார்கள். உள்ளூர் விலாசத்தில் ஆதார் இருந்தால் இல்லை என்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால் மேலும் கீழும் பார்ப்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் அதற்கு வேறு காரணம் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் சி என்று லாட்ஜ்காரர்கள் சொல்லும் படிவத்தில் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும், அந்த வேலைக்குப் பயந்து சின்ன லாட்ஜ்கள் ஆளையே தவிர்த்துவிடுகின்றன. ஒரு லாட்ஜில் நான் கேட்டபோது ரிசப்ஷனில் இருந்தவர் ரேட் கார்டை எடுத்துக் காட்டினார், யாருக்கெல்லாம் இல்லை என்று கேட்டதும் கார்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். ஆகவே நாங்கள் "யாரை ஏற்றுக்கொள்வார்கள்" என்பதை முதல் வடிகட்டியாக வைத்தோம், வாடகை இரண்டாவது. எங்கள் ஓனரிடமும் இதே கேள்வியைக் கேட்டோம். ஃபார்ம் சி பதிவு அவருக்கும் இல்லை. பதிவு வாங்கும் வரை அவர் லாட்ஜுக்கும் "வெளிநாட்டவர்: இல்லை" என்றுதான் போடுவோம் என்றோம். காசு கொடுக்கிறவர் அவர், பட்டியலில் அவரும் ஒரு வரி. இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

பார்ப்பதற்கு எப்படி இருக்க வேண்டும் என்பதில் வெயில்தான் எங்களுக்கு வாத்தியார். ஃபேஷனாகக் கறுப்புப் பின்னணியில் செய்திருந்தோம். ஏப்ரல் மாதம் மத்தியானம் ஒரு மணிக்குக் கோட்டை மைதானத்தில் அதைத் திறந்தால் போனில் என் முகம்தான் தெரிந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு நிறம் என்று மாற்றினோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று ஒரு நியதி உண்டு, வேலூர் வெயிலுக்கு அது போதாது, நாங்கள் அதைவிட அதிகமாகவே வைத்தோம்.

தமிழில் செய்ததால் வந்த சங்கடங்கள் தனி. இங்கிலீஷ் டிசைனில் "புக்" என்று நாலு எழுத்தில் முடியும் பட்டன், "முன்பதிவு செய்யுங்கள்" என்று வந்ததும் இரண்டாக உடைந்து கீழே விழுந்தது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்பதால் தலைப்பைத் தனித்துக் காட்ட எழுத்தின் தடிமனையும் அளவையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இகரக் கொக்கியும் உகரச் சுழியும் மேலும் கீழும் இழுப்பதால் வரிகளுக்கு நடுவில் இங்கிலீஷைவிட அதிக இடம் விட்டால்தான் கண் வலிக்காது. அழகான ஒரு தமிழ் ஃபாண்ட் போட ஆசைப்பட்டேன், அது ஒன்றே பக்கத்தின் எடையைப் பல மடங்கு ஆக்கியது. ஆண்ட்ராய்டு போனில் ஏற்கனவே இருக்கும் தமிழ் எழுத்தே போதும் என்று விட்டுவிட்டோம். மனசுக்கு வருத்தம்தான். அப்புறம் "முன்பதிவு செய்யுங்கள்" என்பதையும் எடுத்துவிட்டு "கட்டில் இருக்கா?" என்று போட்டோம், அதைத் தொட்டால் லாட்ஜுக்கு வாட்ஸ்ஆப் போகும். ஓனரின் மருமகன்தான் பதில் போடுவான். பணம் கட்டும் வசதியெல்லாம் வைக்கவில்லை, இந்தக் கூட்டம் முன்பணம் கட்டாது, வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் யு.பி.ஐ.யை எடுக்கும்.

தமிழ், இங்கிலீஷ், இந்தி, வங்காளம் என்று நாலு மொழி. வங்காளத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர் உதவினார், கூலியாக அவர் கேட்டது மெஸ் பெயர் சாப்பாட்டு அட்டையில் முதலில் வர வேண்டும் என்பது. இரண்டாவதாகப் போட்டோம், முதலில் ஆம்பூர் பிரியாணி. சீரக சம்பாவும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இருக்கிற ஊரில் நான் வேறு எதை முதலில் போட முடியும்? அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

*

இனி எங்கள் தப்புக்கு வருகிறேன்.

அமிர்தி வேலூரிலிருந்து தெற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது, காடு, சின்ன மிருகக்காட்சிச் சாலை, மழைக்குப் பிறகு போனால் அருவி. அரை நாளுக்கும் முந்நூறு ரூபாய்க்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, அட்டை போட்டோம். திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தை, அந்த வழியில் அடிக்கடி போகும் ஒருவரிடம் போனில் கேட்டு எழுதினோம். அந்த பஸ்ஸின் நேரம் எப்போதோ மாறியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், அதில் இரண்டு பெண்கள், எங்கள் அட்டையை நம்பி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டிவிட்டது. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மினி லாரிக்காரர் பார்த்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பாகாயத்தில் விட்டார். ஹாஸ்டல் கேட் மூடியாகிவிட்டது. வெப்சைட்டில் இருந்த நம்பருக்கு ராத்திரி பத்து மணிக்கு அழைத்த பெண் திட்டவில்லை. "அண்ணா, அந்த டைமை மாத்திடுங்க, வேற யாராவது மாட்டிக்குவாங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் எல்லா பஸ் நேரங்களையும் வெப்சைட்டிலிருந்து எடுத்தோம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறை வாசலில் நண்பன் இரண்டு நாள் நோட்டோடு நின்றான். திரும்பப் போட்டபோது ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் ஒரு தேதி இருந்தது: "நாங்கள் நேரில் பார்த்தது இந்தத் தேதியில்." முப்பது நாள் தாண்டினால் அந்த வரி தானாகச் சாம்பல் நிறத்துக்கு மாறும், அறுபது தாண்டினால் நேரம் மறைந்து, "ஸ்டாண்டில் கேட்டுக்கொண்டு போங்கள்" என்று மட்டும் வரும். எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில்தான் இருக்கிறது, அங்கே தேதியை மாற்றினால் இங்கே மாறிவிடும். அதோடு, கடைசி பஸ்ஸை அட்டையில் காட்டுவதையே நிறுத்திவிட்டு, அதற்கு முந்தின பஸ்ஸைத்தான் "இதைப் பிடியுங்கள்" என்று காட்டுகிறோம். கடைசி பஸ் வராவிட்டால் ஏசி ரூமுக்குப் போகப் பணம் இருப்பவனுக்கு அது ஒரு கதை. முந்நூறு ரூபாய்க்காரனுக்கு ராத்திரி முழுக்க நிறுத்தத்தில் உட்காருவது.

அதே கணக்கில் காவலூரை மொத்தமாக எடுக்க வேண்டி வந்தது. வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, சனிக்கிழமை பொதுமக்களுக்கு அனுமதி, ராத்திரி வானம் தெளிந்திருந்தால் நட்சத்திரம் பார்க்கலாம். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நட்சத்திரம் தெரியும் நேரத்தில் பக்கத்து ஊரான ஆலங்காயத்துக்குத் திரும்பப் பஸ்ஸை நம்ப முடியாது. சொந்த வண்டி இருப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறோம். நேரம் பணம் வாக்கியத்தில் தேடினால் அது வராது. நண்பனுக்கு இதிலும் வருத்தம், ராமானுஜன் பெயர் வைத்த குறுங்கோளைக் கண்டுபிடித்த இடத்தை மறைத்துவிட்டோம் என்கிறான்.

*

இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்று நண்பன் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தான். ஒரு தடவை திறந்தால் அட்டைகள் போனிலேயே தங்கிவிடும், மலையடிவாரத்தில் சிக்னல் போனாலும் திறக்கும். பிரமாதமான வேலை. யாரும் பயன்படுத்தவில்லை. டார்மிட்டரியில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, எல்லோரும் அட்டையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூட வருகிறவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு வெப்சைட்டை மூடிவிடுகிறார்கள். போகும் வழியில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். எங்கள் அட்டையோ ஒன்றரைத் திரை நீளம். ஸ்க்ரீன்ஷாட்டில் பாதி வெட்டுப்பட்டுப் போகும், வெட்டுப்படுவது எப்போதும் கீழே இருக்கும் திரும்பும் பஸ்.

நண்பன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம் அவனே உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையையும் ஒரே திரைக்குள் அடங்கும்படி சுருக்கினான். திரும்பும் பஸ் மேலே போனது, கதை அடுத்த திரைக்குப் போனது, நேரில் பார்த்த தேதி அட்டையின் நெற்றியிலேயே பெரிய எழுத்தில் வந்தது. ஸ்க்ரீன்ஷாட் யார் யாரிடமோ கை மாறிப் போகும், எப்போது எடுத்தது என்று அந்தப் படமே சொல்ல வேண்டும். முகப்புப் பக்கம் இப்போது இருநூறு கே.பி.க்கும் கம்மி, படம் என்று ஒன்றுகூட இல்லை. ஓனர் இதை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. தங்கக் கோயில் படத்தை ஆறடி ஃப்ளெக்ஸாக அடித்து ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

போன வாரம் பாக்கிப் பணம் வாங்கப் போயிருந்தேன். அஸ்ஸாமிலிருந்து வந்த இரண்டு பையன்கள் மேஜைக்கு முன்னால் நின்று ஓனரிடம் போனில் ஒரு அட்டையைக் காட்டி, இந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். ஊரில் யாரோ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், மூன்று மாசம் பழசு. ஓனர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் இருந்த தேதியைப் படித்தார். "ஏ புராணா ஹை நைனா", இது பழசு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லித் தன் போனை எடுத்து, வெப்சைட்டைத் திறந்து, காட்பாடியா பஸ் ஸ்டாண்டா என்று கேட்டுக்கொண்டே கோட்டில் விரலை வைத்தார்.